ஊசி மட்டும் போதுமா?

மூத்திரப் பைக்குக் கீழே, நீர்த்தாரையைச் சுற்றி, பெரிய கொட்டைப் பாக்களவில் ஒரு சுரப்பி ஆண்மக்கள் எல்லோருக்கும் இருக்கிறது. பிராஸ்டேட் என்று அதற்குப் பெயர். கண்ணில் புரை விழுந்தால் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் சொல்லுகிறோம். மூட்டு வலியைப் பற்றி ரயில் வண்டியில் முன்பின் அறியாதவரிடம்கூட முறையிடுகிறோம். இந்தச் சுரப்பியில் நோய் கண்டால் மாத்திரம் வாயை மூடிக்கொள்ளுகிறோம். பெற்ற பிள்ளைக்குத் தெரியாது. கட்டின மனைவிக்கும் பாதிதான் தெரியும். பொது விவகாரங்களை மேடையேறி முழக்கும் பெரியோர்களும் இந்த ஒரு விஷயத்தில் மௌன விரதிகளே. இந்த மௌனத்தின் நிழலில் ஒரு தப்பபிப்பிராயம் தழைத்து வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

பிராஸ்டேட்டில் புற்று கண்ட குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாதம் ஒரு ஊசியோ, மூன்று மாதத்திற்கு ஒரு ஊசியோ போட்டுக்கொண்டால் நோய் அடங்கிக் கிடக்கும். இந்த வயதில் கரண்டு வைப்பானேன்?” என்பதே அது. கதிர் வைத்தியத்தைத்தான் ஜனங்கள் கரண்டு வைப்பது என்கிறார்கள். அதில் நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சுக்கு ஆதாரமும் இருப்பதுபோலவே தோன்றுகிறது. ஊசி போட்ட சில மாதங்களில் பி.எஸ்.ஏ. என்னும் ரத்தப் பரிசோதனையின் எண் மளமளவென்று இறங்குகிறது. நாற்பது ஐம்பது என்றிருந்தது ஒன்றுக்கும் கீழே வந்து நிற்கிறது. சிறுநீர் தடையின்றிப் போகிறது. நோய் போய்விட்டதென்றே வீட்டார் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆனால் பி.எஸ்.ஏ. என்ற பொருளை உண்டாக்கும்படி சுரப்பியின் உயிரணுக்களை ஏவுவதே ஆண் ஹார்மோன்தான். ஏவுகிறவனை நிறுத்திவிட்டால் எண் இறங்காமல் என்ன செய்யும்? எண் இறங்கிற்று என்பதனால் புற்றணுக்கள் எல்லாம் மாண்டுவிட்டன என்று ஆகிவிடாது.

எந்த நோயாளியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் முன்கூட்டியே தெளிவாக்கிவிட வேண்டும். புற்று எலும்புகளுக்குப் பரவிவிட்டவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஹார்மோன் வைத்தியமே பிரதானம். சுரப்பிக்குள்ளேயே சிறிதாகவும் சாதுவாகவும் நோய் இருப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம். இவ்விரு வகையாருக்கும் நடுவே, சுரப்பியின் உறையை மீறிக்கொண்டோ, மீறிவிடும் மூர்க்க சுபாவத்தோடோ வளர்ந்து, இன்னும் எலும்பை எட்டாத நோய் உடையவர்கள் இருக்கிறார்கள். முற்றிலும் குணமாக்க இடமுள்ள கடைசிக் கட்டம் இதுவே. இவர்கள் விஷயத்தில்தான் “ஊசி மட்டும் போதும்” என்பது உயிருக்கே உலை வைக்கும் பிசகு என்கிறோம்.

ஹார்மோன் வைத்தியத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. அமெரிக்காவில் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் தம் சகாக்களுடன் 1941-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி வைத்திய சாஸ்திரத்தில் ஒரு புது யுகத்தையே தொடங்கிவைத்தது. ஹக்கின்ஸ் கனடாவில் பிறந்தவர். மூத்திர உறுப்புகளுக்கு ரண சிகிச்சை செய்வதில் நிபுணர். நாய்களின் பிராஸ்டேட் சுரப்பியை விடாமல் ஆராய்ந்தவர். ஆண் ஹார்மோன் ஊறுவது விரைகளில். விரைகளை எடுத்துவிட்டால் பிராஸ்டேட் சுருங்கிப்போவதை அவர் கண்டார். அப்படியானால் அச்சுரப்பியில் தோன்றிய புற்றும் சுருங்க வேண்டுமே என்பது அவருக்கு உதித்த எண்ணம். எலும்பெங்கும் நோய் பரவி வலியால் துடித்துக்கொண்டிருந்தவர்களின் விரைகளை நீக்கிப் பார்த்தார். வலி தணிந்தது, பசி எடுத்தது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களில் பலர் எழுந்து நடமாடினார்கள். புற்று எவர் சொல்லுக்கும் கட்டுப்படாது, தன்னிச்சையாகவே வளரும் என்று நம்பியிருந்த டாக்டர்கள், அது ஒரு ஹார்மோனின் தயவில் வாழ்கிறது என்று அறிந்து திகைத்தார்கள். இதற்காக ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-ல். 25 வருஷம் காத்திருந்த பரிசு!

ஆனால் அந்தச் சுகம் நிலைக்கவில்லை. சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ நோய் திரும்பத் தலையெடுத்தது. விரைகள் போனபின்பும் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் ஆண் ஹார்மோனைக் கொஞ்சம் ஊறச்செய்கின்றன. போதாக்குறைக்கு, பட்டினி போடப்பட்ட புற்று சொற்ப ஹார்மோனைக் கொண்டே பிழைக்கப் பழகிக்கொள்கிறது; தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளவும் துணிகிறது. பரவிவிட்ட நோயை ஹார்மோன் வைத்தியம் அடக்கும், வேரறுக்காது. எண்பது வருஷத்து அனுபவம் இதுதான்.

விரைகளை நீக்குவதற்குப் பதிலாகப் பெண் ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1938-ல் லண்டனில் செயற்கையாகச் செய்யப்பட்ட ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற மருந்து வெகுகாலம் வழக்கத்தில் இருந்தது. அதிக அளவில் அதை உட்கொண்டவர்களில் பலர் புற்றினால் சாகாமல் இருதய நோயினால் செத்தார்கள் என்பது 1960-களில் அமெரிக்கப் பழைய ராணுவத்தாரின் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சியில் வெளியாயிற்று. பிறகு வந்தது இன்றைய ஊசி. அதன் கதை விசித்திரமானது. விரைகளுக்கு உத்தரவு போடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுவது அதற்கும் மேலே மூளையில் ஊறும் இன்னொரு ஹார்மோன். ஆயிரக்கணக்கான பன்றிகளின் மூளைப் பகுதிகளைச் சேகரித்து, ஆண்ட்ரூ ஷாலி என்ற விஞ்ஞானியின் கூட்டத்தார் 1971-ல் இதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். ஷாலியும் அவருடைய போட்டியாளரான கியேமினும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இந்த ஹார்மோன் விட்டுவிட்டுத் துளித்துளியாக வந்தால்தான் பிட்யூட்டரி வேலை செய்யும். அதையொத்த மருந்தை இடைவிடாமல் செலுத்தினால் முதலில் ஒன்றிரண்டு வாரம் ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. பிறகு பிட்யூட்டரி செவிடாகிவிடுகிறது. மூன்று நான்கு வாரத்தில் விரைகள் ஓய்ந்துவிடுகின்றன. கத்தியில்லாமல் நடக்கும் காயடிப்பு என்று சொன்னால் செவிக்கு நாராசமாக இருக்கும். ஆனால் காரியம் அதுவே. கத்திக்கும் இதற்கும் முக்கியமான பேதம் ஒன்றுண்டு. ஊசியை நிறுத்தினால் விரைகள் மெல்ல மெல்ல விழித்துக்கொள்ளக்கூடும்.

கதிர் வைத்தியத்திற்கு வருவோம். இந்த நோய்க்கு ரேடியத்தைப் பிரயோகிப்பது பாரிஸ் நகரத்திலும் பால்டிமோரிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. ஆழத்திலுள்ள சுரப்பியைத் தோல் வெந்துபோகாமல் எட்டக்கூடிய சக்தி வாய்ந்த கதிர், 1951-ல் கனடாவில் கோபால்ட் யந்திரங்கள் வேலை தொடங்கியபோது கைவந்தது. அதற்குப் பின் வந்த நேர்கோட்டு முடுக்கி யந்திரங்கள் அதையும் மிஞ்சின. கதிர் செய்யும் காரியம் சுருக்கமானது: புற்றணுவின் கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் நூலை அறுத்துவிடுகிறது. அறுந்த நூலோடு அணு பெருக முயலும்போது மாண்டுபோகிறது. ஆனால் கதிருக்கும் குறைகள் இருந்தன. பெரிய புற்றில் எல்லா அணுக்களும் சாவதில்லை. அறுந்த நூலை முடிந்துகொண்டு சில பிழைக்கின்றன. கண்ணுக்கும் படத்துக்கும் அகப்படாமல் வெளியே கசிந்துவிட்ட அணுக்களையோ கதிர் தொடுவதே இல்லை. முற்றிய நோய்க்குக் கதிரை மட்டும் வைத்தவர்களில் மிகப் பலருக்கு நோய் திரும்பிற்று.

ஊசி ஒரு புறம், கதிர் ஒரு புறம். இரண்டையும் சேர்த்தால்? இந்தக் கேள்விக்கு மறுக்க முடியாத விடையைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு தேசத்தில் கிரெனோபிள் நகரத்து டாக்டர் மிஷேல் போலா. 1987 முதல் 1995 வரை ஐரோப்பாவின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து 415 நோயாளிகளை அவரும் சகாக்களும் சேர்த்தார்கள். இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்பதை டாக்டரின் விருப்பத்திற்கோ நோயாளியின் செல்வாக்கிற்கோ விடாமல், சீட்டுப் போடுவதுபோலப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஏழு வாரம் கதிர் மட்டும். மறு பாதிக்கு அதே கதிரோடு, கதிர் தொடங்கும் நாளிலிருந்தே நான்கு வாரத்திற்கொரு முறை, மூன்று வருஷத்திற்குக் கோசெரெலின் என்ற மருந்து. வயிற்றுத் தோலின் அடியில் ஊசியால் நுழைக்கும் சிறு குளிகை அது. 1997-ல் முதல் பலன் பிரசுரமாயிற்று. ஐந்து வருஷ முடிவில் கதிர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் உயிரோடிருந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 79 பேர். பத்து வருஷக் கணக்கு 2010-ல் வெளியாயிற்று. அதில் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு முறையே 40 பேரும் 58 பேரும். அதே பத்து வருஷத்தில் பிராஸ்டேட் புற்றினாலேயே இறந்தவர்கள் ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 30. மற்றப் பக்கத்தில் 10. மூன்றில் ஒரு பங்கு! புற்று வைத்தியத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் கூடுதலாகப் பிழைத்தாலே கொண்டாடுவது வழக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்களின் மகத்துவம் விளங்கும்.

“நல்லது, கதிரோடு ஊசி சேர்ந்தால் நலம் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த நலம் முழுவதும் ஊசியினால் வந்ததாக ஏன் இருக்கக்கூடாது? கதிரை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டிருந்தாலும் அவர்கள் பிழைத்திருப்பார்களே?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போலாவின் பரிசோதனை இதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நம் வீடுகளில் கேட்கும் பேச்சும் உண்மையில் இதே கேள்விதான்.

பதில் வட ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே டாக்டர்கள் பலர் முற்றிய பிராஸ்டேட் புற்றுக்கு ஹார்மோன் வைத்தியத்தோடு நிறுத்திக்கொள்வதே வழக்கமாக இருந்தது. கதிரின் பிரயோஜனத்தில் அவர்களுக்குச் சந்தேகம். தங்கள் சந்தேகத்தைத் தாங்களே சோதித்துப் பார்த்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. 1996 முதல் 2002 வரை நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய மூன்று தேசங்களில் 875 பேரைச் சேர்த்து, எல்லோருக்கும் ஹார்மோன் வைத்தியம் கொடுத்து, பாதிப் பேருக்கு மாத்திரம் கதிரையும் சேர்த்தார்கள். 2009-ல் வெளியான கணக்கில், பத்து வருஷத்திற்குள் பிராஸ்டேட் புற்றினால் மரணமடைந்தவர்கள் ஹார்மோன் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேர். கதிரும் பெற்றவர்களில் 12 பேர். எந்தக் காரணத்தால் இறந்தாலும் சேர்த்து எண்ணினால் 39-க்கு 30. பதினைந்து வருஷக் கணக்கிலும் இதே விகிதம்: புற்றினால் இறந்தவர் ஒரு பக்கம் 34, மறு பக்கம் 17. சரிபாதி.

இதற்கும் ஓர் ஆட்சேபம் எழுந்தது. அந்தப் பரிசோதனையில் முதல் மூன்று மாதத்திற்கு மேல் கொடுத்தது ஃப்ளூடமைடு என்ற மாத்திரைதான். அது ஊசியைப்போல ஹார்மோனை நிறுத்துவதில்லை, அதன் வேலையைத் தடுப்பது மட்டுமே. பலமான ஹார்மோன் வைத்தியம் கொடுத்திருந்தால் கதிர் தேவைப்பட்டிருக்காது என்றார்கள். இந்த வாதத்திற்கும் ஆயுள் அதிக நாள் இல்லை. கனடாவும் பிரிட்டனும் அமெரிக்காவும் கூடி 1,205 பேரிடம் நடத்திய பரிசோதனையில், எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் ஊசியோ, விரைகளை நீக்கும் ரண சிகிச்சையோ தரப்பட்டது. அதைவிடப் பலமான ஹார்மோன் வைத்தியம் அன்று கிடையாது. அப்படியிருந்தும், 2011-ல் வெளியான பலனின்படி, ஏழு வருஷ முடிவில் ஊசி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேரும், கதிரும் சேர்த்துப் பெற்றவர்களில் 74 பேரும் உயிரோடிருந்தார்கள். ஊசி மட்டும் போதும் என்பவர்கள் இந்த எட்டுப் பேருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

இரண்டும் சேரும்போது ஏன் இவ்வளவு பலன் என்பதைப் பிற்பாடுதான் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். கதிர் அறுத்த நூலை முடிந்துகொண்டு சில அணுக்கள் பிழைக்கின்றன என்றோமல்லவா? அப்படி முடிச்சுப் போடும் கருவிகளைத் தயாரிக்கும்படி புற்றணுவுக்கு உத்தரவிடுவது அதே ஆண் ஹார்மோன் என்று அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2013-ல் கண்டார்கள். ஹார்மோனை அடக்கிய நோயாளிகளின் சுரப்பியிலிருந்து எடுத்த துணுக்குகளில் இக்கருவிகளுள் முக்கியமான ஒன்று குறைந்துபோயிருப்பதை 2015-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஆகவே ஊசி புற்றைப் பட்டினி போடுவதோடு நிற்கவில்லை. கதிர் அறுத்ததை மீண்டும் தைத்துக்கொள்ள முடியாமல் ஊசி நூலையும் பறித்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் வெளியே கசிந்த அணுக்களை அடக்குவதும், வீங்கிய சுரப்பியைச் சுருக்கி மலக்குடலிலும் மூத்திரப் பையிலும் கதிர் படுவதைக் குறைப்பதும் உபரி லாபங்கள்.

லாபத்தை மட்டும் சொல்லி நஷ்டத்தை மறைப்பது வியாபாரிகளின் வேலை. ஊசியின் விலை ரூபாயில் மட்டும் இல்லை. காம இச்சை அடங்கிப்போகும். தாம்பத்தியம் பெரும்பாலும் நின்றுபோகும். திடீர் திடீரென்று உடம்பு தணலாய்க் காய்ந்து வியர்த்துக் கொட்டும். இரவுத் தூக்கம் கெடும். தசை கரைந்து கொழுப்பு சேரும். எலும்பு தேயும், தடுக்கி விழுந்தால் இடுப்பு முறியும். சர்க்கரை வியாதி கிட்ட வரும். சிலருக்கு மனச்சோர்வு வந்து, காரணமில்லாமல் கண்ணீர் பெருகும். நாள்தோறும் நடப்பதும் தசைக்கு வேலை கொடுப்பதும், எலும்பின் பலத்தைச் சோதித்துச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டிய மருந்தும் கொள்வதும் இவற்றைக் குறைக்கின்றன, இல்லாமல் செய்துவிடுவதில்லை. இத்தனையையும் முதல் ஊசிக்கு முன்பே நோயாளியிடமும், ஆம், அவர் மனைவியிடமும் டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊசியின் காரியத்தைத் தம் ஆண்மையின் குறையாக எண்ணிக்கொண்டு, ஒருவரோடும் பேசாமல் குமைந்து, பாதியில் ஊசியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் மௌனத்தைக் கண்டித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை இவ்வளவு கடுமையாயிருப்பதால், எத்தனை காலம் ஊசி போடவேண்டும் என்பது அற்பக் கேள்வி அல்ல. மூன்று வருஷத்திற்குப் பதில் ஆறு மாதம் போதாதா என்று போலாவே இன்னொரு பரிசோதனை நடத்தினார். 970 பேர். ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் ஆறு மாதக்காரர்களில் நூற்றுக்கு 19 பேர், மூன்று வருஷக்காரர்களில் 15 பேர். மூர்க்க நோய்க்கு ஆறு மாதம் போதாது என்று 2009-ல் முடிவாயிற்று. அப்படியானால் நடுவில் ஓர் இடம் இல்லையா? கனடாவில் கியூபெக் மாகாணத்து டாக்டர்கள் 630 பேரை 18 மாதத்திற்கும் 36 மாதத்திற்குமாகப் பிரித்தார்கள். பத்து வருஷ முடிவில் இரு பக்கத்திலும் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 62 பேரே. 18 மாதத்தார் தேக சுகத்திலும் மன சுகத்திலும் மேலாக இருந்தார்கள். ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். 36 மாதமும் விடாமல் போட்டுக்கொண்டவர்கள் சுமார் பாதிப் பேர்தான். ஆகவே 18-ம் 36-ம் சமம் என்று அடித்துச் சொல்ல நாம் துணியவில்லை. மூன்று வருஷம் தாங்காதவர் ஒன்றரை வருஷத்தோடு நிறுத்துவதற்கு இது நல்ல ஆதாரம் என்ற அளவில் ஒப்புக்கொள்கிறோம்.

எல்லோருக்கும் இரண்டும் வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். சாதுவான நோய் உடையவர்களைப் பின்னால் கவனிப்போம் என்றோமே, அவர்கள் விஷயத்தில் கதை வேறு. வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 2,000 பேரிடம் கதிரோடு நாலு மாத ஹார்மோனைச் சேர்த்துப் பார்த்ததில், நடுத்தர நோய் உடையவர்களுக்கே ஆயுள் கூடிற்று. சாதுவான நோயினருக்குக் கூடவில்லை. பிரிட்டனில், சுரப்பிக்குள் அடங்கிய நோய் உடைய 1,643 பேரைப் பதினைந்து வருஷம் கவனித்ததில், ரண சிகிச்சை பெற்றவர், கதிர் பெற்றவர், வெறுமனே கண்காணிக்கப்பட்டவர் ஆகிய மூவகையிலும் சேர்த்துப் பிராஸ்டேட் புற்றால் இறந்தவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பயமுறுத்தி ஊசி போடுவது அக்கிரமம். இருதய நோய் முதலிய வேறு கடும் வியாதிகள் உள்ளவர்களுக்கு ஆறு மாத ஊசிகூட ஆயுளை நீட்டவில்லை என்று அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் நடந்த சிறு பரிசோதனை ஒன்று காட்டிற்று. பழைய ஊசிக்குப் பதிலாக 2020-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரையில் மாரடைப்பு முதலிய விபரீதங்கள் நூற்றுக்கு 3, ஊசியில் 6. மருந்தை நிறுத்தினால் ஹார்மோன் திரும்புவதும் மாத்திரையில் சீக்கிரம். இருதயம் பலவீனமானவர்கள் இதைப் பற்றி டாக்டரை விசாரித்துக்கொள்வது நலம்.

ஆனால் வயது ஒன்றையே காரணமாகக் காட்டித் தட்டிக்கழிப்பதற்கு ஆதாரம் இல்லை. பன்னிரண்டு பரிசோதனைகளில் கலந்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2022-ல் வெளியிட்டார்கள். கதிரோடு ஹார்மோன் சேர்ந்தால் நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவது குறைகிறது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கீழ்ப்பட்டவர்களுக்கும் இந்தப் பலன் ஒன்றே. இக்காலத்து யந்திரங்களால் கதிரின் அளவைக் கூட்டினால் ஊசியை விட்டுவிடலாம் என்ற வாதமும் அதே கணக்கில் அடிபட்டுப்போயிற்று. கதிர் அதிகமானாலும் குறைவானாலும் ஹார்மோனின் உதவி வேண்டியே இருக்கிறது. மிகவும் மூர்க்கமான நோய்க்கு, அட்ரினலிலும் புற்றுக்குள்ளேயும் ஹார்மோன் ஊறாமல் தடுக்கும் அபிராடெரோன் என்ற மாத்திரையை இரண்டு வருஷம் சேர்த்துக் கொடுத்ததில், ஆறு வருஷ முடிவில் உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 77-லிருந்து 86 ஆனதாகப் பிரிட்டிஷ் பரிசோதனை ஒன்று அதே 2022-ல் அறிவித்தது. இந்த மாத்திரையை இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன.

இவ்வளவுக்குப் பின்னும் “ஊசி மட்டும்” என்ற வழி ஏன் செல்வாக்கோடு இருக்கிறது? காரணம் அறியாமை மட்டும் அல்ல, தூரமும்தான். ஊசியை எந்தச் சிற்றூரிலும் போட்டுக்கொள்ளலாம். கதிர் யந்திரங்களோ நம் தேசத்தில் தேவைக்கு வெகு குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் நகரங்களில். ஏழு எட்டு வாரம், ஞாயிறும் சனியும் நீங்கலாகத் தினமும், எழுபது வயதுக் கிழவரை யார் அழைத்துச் செல்வது? தங்குவதற்கு இடம் எங்கே? கூடப் போகும் பிள்ளையின் கூலி போனால் யார் கொடுப்பது? இந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் உபதேசம் செய்வதில் பயனில்லை.

இந்த இடத்தில்தான் 2016-ல் பிரிட்டனிலிருந்து வந்த செய்தி நமக்கு உபயோகப்படுகிறது. 3,216 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு 37 நாளில் வைக்கும் கதிரை, இன்னொரு பகுதியாருக்கு நாளொன்றுக்குச் சற்று அதிகமாக 20 நாளிலேயே வைத்து முடித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் சில மாத ஹார்மோனும் சேர்ந்திருந்தது. ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 37 நாள்காரர்களில் நூற்றுக்கு 88, 20 நாள்காரர்களில் 91. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர நோயினர், மூர்க்க நோயினர் சிலரே என்பது வாஸ்தவம். மூர்க்க நோயினருக்கென்றே கனடாவில் நடந்த பரிசோதனையில், நீண்டகால ஹார்மோனோடு, 38 நாள் கதிருக்குப் பதில் 25 நாள் வைத்தும் பலன் குறையவில்லை. ஆகவே டாக்டரைப் பார்க்கப் போகிறவர் கதிர் வேண்டுமா என்பதோடு, எத்தனை நாளில் முடியும் என்பதையும் கேட்டறிய வேண்டும். நாலைந்து வாரம் என்றால், நகரத்தில் உறவினர் வீட்டிலோ சத்திரத்திலோ தங்கி முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். மிச்சமுள்ள ஊசிகளை ஊர் டாக்டரே போட்டுவிடுவார்.